வீட்டில் கட்டும் சிந்தசைசருக்கு எந்த போர்டு? கைக்கு அடக்கமான விலையில் முடிக்க முழுமையான வழிகாட்டி

சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் வாத்தியம், கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் அதற்குள் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் ராமில் இருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். 4 ஜிபி போதுமா, 8 ஜிபி வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். ஒலியை உருவாக்கும் வேலைக்கு ராம் பெரிய தடையே இல்லை. புதுச்சேரி, கடலூர் பக்கம் இருந்துகொண்டு, அளவான காசில் ஒரு நல்ல வாத்தியம் கட்ட வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ ஒன்று, பிசிஎம்5102ஏ சிப் வைத்த டேக் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் பகுதி) மாட்யூல் ஒன்று, ஒழுங்கான 5 வோல்ட் அடாப்டர் ஒன்று. மிச்சம் இருக்கும் பணத்தை திருகும் நாப், பட்டன், பெட்டி என்று கை படும் இடங்களில் போடுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை, யாருக்குப் பொருந்தாது, அவர்கள் வேறு எதை வாங்கலாம் என்பதையும் சேர்த்தே கீழே எழுதுகிறேன்.

முதல் படி: என்ன ஒலி வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இதை எழுதி முடித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் பேஸ், லீடு மாதிரியான ஒலி போதும் என்றால் அது ஒரு வகை. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 போல ஒரே நேரத்தில் 16 ஸ்வரம் வரை ஒலிக்கும் எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி செய்யும் முறை) சிந்தசைசர் இரண்டாவது வகை. பியானோ, வயலின், நாதஸ்வரம் என்று பதிவு செய்த ஒலிகளை வைத்து வாசிப்பது மூன்றாவது. சுருதிப்பெட்டி மாதிரி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஆதார சுருதி நான்காவது. ஒவ்வொன்றும் போர்டிடம் கேட்பது வேறு வேறு. முதல் வகைக்கும் நான்காவது வகைக்கும் சில நூறு ரூபாய் போர்டே தாராளம், மூன்றாவது வகைக்கு மட்டும்தான் ராம் கொஞ்சம் கணக்கில் வரும்.

இரண்டாம் படி: லினக்ஸா, மைக்ரோகண்ட்ரோலரா?

ராஸ்பெர்ரி பை மாதிரி லினக்ஸ் ஓடும் போர்டு ஒரு முழுக் கம்ப்யூட்டர். ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஃப்ளூயிட்சிந்த், சைன்ஆட்சப்எஃப்எக்ஸ் என்று பல வருடமாகப் பலர் உழைத்துச் செய்த இலவச மென்பொருள்கள் அப்படியே ஓடும், நீங்கள் சி மொழியில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. பதிலுக்கு, சுவிட்ச் போட்டால் பூட் ஆக நேரம் எடுக்கும், பட்டென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டில் உள்ள ஃபைல்கள் கெடலாம்.

பைகோ, இஎஸ்பி32, டீன்சி இவையெல்லாம் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள், அதாவது லினக்ஸ் இல்லாமல் நீங்கள் ஏற்றும் ஒரே புரோகிராமை ஓட்டும் சின்னச் சிப் வைத்தவை. சுவிட்ச் போட்ட உடனே ஒலிக்கும், எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒலி உருவாக்கும் புரோகிராமை நீங்கள் எழுத வேண்டும், அல்லது மொஸ்ஸி போன்ற லைப்ரரியை வைத்துக் கோக்க வேண்டும். நினைவகமும் குறைவு. வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்) வேகத்தில் 16 பிட் மோனோ ஒலி ஒரு வினாடிக்கு 96,000 பைட் பிடிக்கும். பழைய பைகோவில் இருப்பது மொத்தமே 264 கிலோபைட். அதில் இரண்டு வினாடி எக்கோ வைத்தாலே பெரும்பகுதி காலி, நீளமான ரிவெர்ப் (பெரிய அறையில் ஒலிப்பது போன்ற முழக்கம்) எல்லாம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மினிடெக்ஸ்ட் (MiniDexed) என்ற மென்பொருள் ராஸ்பெர்ரி பையிலேயே லினக்ஸ் இல்லாமல் நேரடியாக ஓடுகிறது. டிஎக்ஸ்7-ஐ அப்படியே போலச் செய்யும், ஜீரோ 2 டபிள்யூவில் ஒரே நேரத்தில் எட்டு டிஎக்ஸ்7 வைத்திருப்பதற்குச் சமம். சில வினாடிகளில் தயாராகிவிடும். எஃப்எம் ஒலிதான் வேண்டும் என்று முதல் படியில் எழுதியவர்கள் வேறு எதையும் தேடாமல் இதை முதலில் போட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ 2021 அக்டோபரில் 15 டாலருக்கு வந்தது. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்கள், 512 எம்பி ராம். நம் ஊருக்கு வரும்போது வரியும் கூரியரும் சேர்ந்து விலை கூடும், அப்படியும் முழு அளவு பை போர்டுகளைவிட நன்றாகக் குறைவு. ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது, டேட்டாவுக்கு ஒரே ஒரு மைக்ரோ யுஎஸ்பி போர்ட்தான், அதனால் யுஎஸ்பி கீபோர்டை அதில் செருக ஓடிஜி கேபிள் ஒன்று கட்டாயம். பெயர் ஒன்று போல இருப்பதால் 2015-ல் வந்த பழைய ஜீரோவை வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பது ஒரே ஒரு பழைய கோர், சிந்தசைசருக்கு அது திணறும். கடையில் பெயரில் உள்ள அந்த ‘2’-ஐக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

பை 3பி, 3பி+ இரண்டும் பழைய போர்டுகள்தான், ஆனால் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டாம். நான்கு யுஎஸ்பி போர்ட் இருப்பது பெரிய வசதி, ஹப் தேவைப்படாது. 3பி+ மட்டும் 60 டிகிரி தாண்டினாலே 1.4 கிகாஹெர்ட்ஸில் இருந்து 1.2-க்கு இறங்கும், அதனால் ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள்.

பை 4 வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. ப்யூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரின் வழக்கமான சர்வரும் ஒலிக் கணக்கைப் பெரும்பாலும் ஒரே கோரில்தான் போடும். அதனால் நான்கு கோர் இருக்கிறது என்று பெருமைப்படுவதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பார்ப்பதுதான் முக்கியம். பை 4-ன் கார்டெக்ஸ் ஏ72 இதில் ஏ53-ஐவிட நன்றாகவே முந்தும். பெரிய பேட்ச் (மென்பொருளில் கோத்த ஒலி அமைப்பு), பல அடுக்கு பேட் ஒலி (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி ஒலி), மேலே ரிவெர்ப் என்று அடுக்குபவர்கள் 1 அல்லது 2 ஜிபி பை 4 எடுங்கள். பை 5 இன்னும் வேகம்தான், ஆனால் முழு பலத்துக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், ஃபேன் என்று செலவு நீளும். மேஜையில் வைத்து வாசிக்கும் வாத்தியத்துக்குள் ஃபேன் சத்தம் வேறு. இந்த வேலைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஆரஞ்சு பை மாதிரியான போர்டுகள் விலைக்கு நல்ல வேகம் தருகின்றன, ஆனால் டேக் மாட்யூலை இணைக்கும் ஐ2எஸ் வழியை அதில் வேலை செய்ய வைக்க நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். ராஸ்பெர்ரி பையில் ஒரே வரியில் முடிகிற விஷயம் அது. முதல் முறை கட்டுபவர்கள் தவிர்ப்பது நல்லது.

மைக்ரோகண்ட்ரோலர் பக்கம் வந்தால், பைகோ 2 எனக்கு மிகவும் பிடித்தது. 2024-ல் 5 டாலருக்கு வந்தது, 520 கிலோபைட் நினைவகம், தசம எண்களை நேரடியாகக் கணக்கிடும் பகுதி அதன் சிப்பிலேயே உண்டு. பழைய பைகோவில் அது இல்லாததால் ஃபில்டர் எழுதும்போது எல்லாவற்றையும் முழு எண்ணாக மாற்றி எழுத வேண்டியிருக்கும். இஎஸ்பி32-வும் நல்ல போர்டுதான், 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், விலை மலிவு. அதிலேயே டேக் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது 8 பிட் டேக், கரகரவென்றுதான் கேட்கும், அதை நம்பி வாங்காதீர்கள். டீன்சி 4.0 இந்த வரிசையிலேயே பலசாலி: 600 மெகாஹெர்ட்ஸ், அதற்கென்றே எழுதிய அருமையான ஆடியோ லைப்ரரி, ஆசிலேட்டர், ஃபில்டர், மிக்சர் எல்லாவற்றையும் திரையில் கோடு போட்டு இணைத்தாலே புரோகிராமின் எலும்புக்கூடு தயார். விலைதான் கொஞ்சம் கூட. டெய்சி சீட், பேலா இரண்டும் ஆடியோவுக்காகவே செய்தவை, தரத்தில் குறையே சொல்ல முடியாது, ஆனால் இறக்குமதி செய்து கைக்கு வரும்போது ‘அளவான காசு’ என்ற எல்லையைத் தாண்டிவிடும்.

நான்காம் படி: டேக்கை மறக்கவே கூடாது

பை 3, பை 4-ல் இருக்கும் ஹெட்ஃபோன் ஜாக் உண்மையான டேக்கில் இருந்து வருவதில்லை, வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பல்ஸை வடிகட்டித் தரும் ஏற்பாடு அது. மெதுவாகத் தேயும் ஒரு பேட் ஒலியின் வாலில் உஸ்ஸென்ற இரைச்சல் தெளிவாகத் தெரியும். போர்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சில நூறு ரூபாய் பிசிஎம்5102ஏ மாட்யூல் மாட்டினால் அந்த நிமிடமே வித்தியாசம் காதில் விழும்.

இணைப்பதும் சுலபம். மாட்யூலின் பிசிகே காலை பையின் 12-ஆம் பின்னுக்கு, எல்சிகே காலை 35-க்கு, டின் காலை 40-க்கு, 5 வோல்ட்டை 2-ஆம் பின்னில் இருந்து, கிரவுண்டை 6-ல் இருந்து. எஸ்சிகே என்று எழுதியிருக்கும் காலை கிரவுண்டோடு சேர்க்க வேண்டும், பல மாட்யூல்களில் அதற்கென்றே முன்பக்கம் ஒரு சிறிய பேட் (ஈயம் வைக்கும் உலோகத் திட்டு) இருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்தால் போதும். இதை விட்டுவிட்டு, சத்தமே வரவில்லை அல்லது கரகரக்கிறது என்று மாட்யூலைத் திருப்பி அனுப்புபவர்கள் நிறைய. பின்பக்கம் 1 முதல் 4 வரை எண் போட்ட பேட்கள் இருந்தால் 1, 2, 4 மூன்றும் ‘எல்’ பக்கமும் 3 மட்டும் ‘எச்’ பக்கமும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது மாறியிருந்தால் சிப் மியூட்டிலேயே கிடக்கும். பிறகு கான்ஃபிக் ஃபைலில் ஹைஃபைபெர்ரி டேக் என்ற ஓவர்லேயை (எந்த டேக் மாட்டியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரி) சேர்த்து ரீபூட் செய்தால் முடிந்தது. இந்தச் சிப்பில் வால்யூம் கண்ட்ரோல் கிடையாது, லினக்ஸின் ஆல்சா மிக்சரில் வால்யூம் பட்டையே தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம், சிந்தசைசர் மென்பொருளில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தாமதம்

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே உள்ள நேரம். இதைத் தீர்மானிப்பது பஃபர், அதாவது வெளியே அனுப்பும் முன் ஒலியைச் சேர்த்து வைக்கும் தொகுப்பின் அளவு. 128 சாம்பிள் கொண்ட இரண்டு பஃபர், 48,000 வேகத்தில், 5.3 மில்லி வினாடி. 256 சாம்பிளில் மூன்று வைத்தால் 16 மில்லி வினாடி, வேகமான ஸ்வரங்களை வாசிப்பவர்களின் கை அதை உணர்ந்துவிடும். ஒலி காற்றில் 10 மில்லி வினாடியில் சுமார் 3.4 மீட்டர் போகும், மேடையில் ஸ்பீக்கர் அவ்வளவு தள்ளி இருந்தால் நாம் தினமும் பழகும் தாமதம்தான் அது, அதனால் 10-க்குள் வைத்தால் கவலை வேண்டாம்.

ஜீரோ 2 டபிள்யூவில் இதை எட்ட ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பைப் போடுங்கள், சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றுங்கள், ஜாக் (JACK) என்ற ஆடியோ மென்பொருளை நிறுவும்போது ரியல்டைம் முன்னுரிமை வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று சொல்லுங்கள், வாசிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம், வாசிக்க முடியாது. அதன் தாமதம் மட்டுமே 100 மில்லி வினாடியைத் தாண்டுவது சாதாரணம்.

ஆறாம் படி: கட்டையும் நாபும்

யுஎஸ்பி உள்ள கீபோர்டு என்றால் ஓடிஜி கேபிளில் செருகினால் போதும். ஐந்து கால் மிடி (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று சொல்லும் சிக்னல்) ஜாக் மட்டும் உள்ள பழைய கீபோர்டு வீட்டில் இருந்தால் ஒரு யுஎஸ்பி மிடி கேபிள் வாங்கலாம், அல்லது 6என்138 ஆப்டோகப்ளர் வைத்து நீங்களே செய்யலாம். செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், பையின் ஜிபிஐஓ கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஆப்டோகப்ளரின் அவுட்புட்டை 3.3 வோல்ட்டுக்குத்தான் இழுத்துக் கட்ட வேண்டும்.

நாப் விஷயத்தில் ராஸ்பெர்ரி பைக்கு ஒரு குறை, அனலாக் இன்புட்டே கிடையாது. பொட் (நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) இணைக்க எம்சிபி3008 என்ற சிப் வேண்டும், ஒரு சிப்புக்கு எட்டு நாப். பைகோவில் மூன்று அனலாக் இன்புட், டீன்சி 4.0-ல் பதினான்கு. நிறைய நாப் வைத்துத் திருகிக்கொண்டே வாசிக்கும் வாத்தியம்தான் ஆசை என்றால், டீன்சிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இங்கேதான் நியாயமாகிறது.

ஏழாம் படி: நம் சங்கீதத்துக்கு ஒத்து வருமா?

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படியே இருக்காது, நமக்கோ இதுதான் முக்கியம். கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்) மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஓர் அண்ணன் ஒரு நாள் நான் கட்டிய பெட்டியில் சுருதியை ஓட விட்டுக் காம்போதியை மெதுவாக வாசித்தார். அந்தர காந்தாரத்தில் விரலை வைத்து அப்படியே நிறுத்தினார். “சவுண்டு நல்லாருக்கு தம்பி, ஆனா காந்தாரம் சுருதியோட சேரல பாரு, நடுங்குது” என்றார். “போர்டு பிரச்சினை இல்லண்ணே, ட்யூனிங்க மாத்திடலாம்” என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன்.

அவர் காது கேட்டது சரி. ஒரு கட்டை சுருதி, அதாவது சி, 261.63 ஹெர்ட்ஸ். கீபோர்டின் சம இடைவெளி முறையில் ஈ 329.63 ஹெர்ட்ஸ். ஆனால் சட்ஜமத்தோடு இழையும் காந்தாரம் 5/4 விகிதம், 327.04 ஹெர்ட்ஸ். சட்ஜமத்தின் ஐந்தாவது ஹார்மோனிக்கும் (அதன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கு) காந்தாரத்தின் நான்காவது ஹார்மோனிக்கும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், சம இடைவெளியில் அவை வினாடிக்குப் பத்துத் தடவை மோதுகின்றன. அந்த நடுக்கம்தான் அது. பஞ்சமத்தில் இதே வித்தியாசம் வினாடிக்கு ஒரு தடவைகூட வராது, அதனால்தான் பஞ்சமம் மட்டும் உறுத்துவதில்லை.

ஆகவே போர்டு வாங்கும் முன்பே, அதில் ஓடப்போகும் மென்பொருள் ட்யூனிங்கை மாற்ற விடுமா என்று பாருங்கள். சைன்ஆட்சப்எஃப்எக்ஸ், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் ஸ்காலா ட்யூனிங் ஃபைலை ஏற்கும். ப்யூர் டேட்டாவில் கட்டை எண்ணை ஹெர்ட்ஸாக மாற்றும் எம்டூஎஃப் ஆப்ஜெக்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு எண் கொண்ட ஒரு டேபிள் போதும்: 1, 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8. சட்ஜமத்தின் ஹெர்ட்ஸை இதில் பெருக்கினால் ஸ்வரம் கிடைத்துவிடும், சுருதிக் கட்டை மாற்ற சட்ஜமத்தை மட்டும் மாற்றினால் போதும். கமகத்துக்குப் பிட்ச் வீலின் வீச்சையும் கூட்டுங்கள். வழக்கமாக இரண்டு செமிடோனில் நிற்கும், ஐந்து அல்லது ஏழு வைத்துப் பழகினால் ஜாரு (ஸ்வரத்தில் இருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) எடுக்க இடம் கிடைக்கும். பிட்ச் பெண்டில் 16,384 படிகள் இருப்பதால் வீச்சைக் கூட்டினாலும் படிப்படியாகக் கேட்காது.

எட்டாம் படி: கரண்ட், வெயில், உப்புக் காற்று

அடாப்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஜீரோ 2 டபிள்யூவுக்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர். மெல்லிய மொபைல் கேபிளில் வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் பை 3, பை 4 மாதிரி முழு அளவு போர்டுகள் எச்சரிக்கை கொடுத்து வேகத்தையும் குறைக்கும், காதில் அது டப் டப் என்ற வெட்டாக விழும்; ஜீரோ வரிசையில் இந்த எச்சரிக்கை கிடையாது. ஆம்பில் இணைத்ததும் ஹம் வந்தால் பையை மட்டும் ஒரு பவர்பேங்கில் போட்டுப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றவாளி அடாப்டர் அல்லது கிரவுண்ட் லூப், போர்டு இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. லினக்ஸ் வைத்துக் கட்டியவர்கள் எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்ததும் ராஸ்பி கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு கார்டில் எதுவும் எழுதாது, பட்டென்று அணைந்தாலும் கார்டு தப்பிக்கும். கத்திரி வெயிலில் மூடிய அக்ரிலிக் பெட்டி இன்னொரு தலைவலி. பை 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைக்கும், அதனால் அடியிலும் மேலேயும் ஓட்டை போட்டு ஹீட்சிங்க் ஒட்டுங்கள்.

உப்புக் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குருசுக்குப்பமோ தேவனாம்பட்டினமோ, கடலை ஒட்டி வீடு இருந்தால் ஜம்பர் ஒயரின் முனை சீக்கிரமே பச்சை பூத்துவிடும், பிறகு ஒயரை லேசாகத் தொட்டாலே ஒலி போய்ப் போய் வரும். சோதனைக்கு மட்டும் ஜம்பர், இறுதியில் எல்லாவற்றையும் சால்டர் செய்யுங்கள். சால்டர் வைத்த இடங்களில் ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாம், ஜாக், பொட், எஸ்டி கார்டு ஸ்லாட் மீது மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

ஒன்பதாம் படி: வாங்குவது

அடாப்டர், ஒயர், ஜாக், பொட் எல்லாம் உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பையும் டேக் மாட்யூலும் ஆன்லைனில் வாங்கலாம், அல்லது சென்னை போகும் வேலை இருந்தால் ரிச்சி தெருவில் நேரில் பார்த்து வாங்கலாம். ஜீரோ 2 டபிள்யூவில் ஹெடர் பின் வைத்தது, வைக்காதது என்று இரண்டு உண்டு. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் வைத்ததையே கேளுங்கள். போர்டு, டேக், எஸ்டி கார்டு, அடாப்டர், ஓடிஜி கேபிள், சில பொட் என்று எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் அடங்கும்படி திட்டமிடலாம். கீபோர்டு இதில் சேராது.

பத்தாம் படி: பெட்டியை மூடுவதற்கு முன்

போர்டைப் பெட்டிக்குள் வைத்து, மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்து, மத்தியான வெயில் நேரத்தில் சோதியுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஒலியை எடுத்து, ரிவெர்பையும் போட்டு, இரண்டு கையாலும் பெரிய கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) அரை மணி நேரம் வாசியுங்கள். ஜாக் மென்பொருள் காட்டும் எக்ஸ்ரன் எண்ணிக்கையைப் பாருங்கள், அதுதான் போர்டு கணக்கை நேரத்துக்கு முடிக்காமல் ஒலியைத் தவறவிட்ட தடவைகள். பூஜ்யமாக இருந்தால் பஃபரை 128-ல் இருந்து 64-க்கு இறக்கிப் பார்க்கலாம். ஏறிக்கொண்டே போனால் முதலில் டெர்மினலில் vcgencmd get_throttled என்று கேளுங்கள். பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால் சூட்டை (முழு அளவு பை என்றால் கேபிளையும்) சரிசெய்து மறுபடி சோதியுங்கள். பூஜ்யமே வந்தும் எக்ஸ்ரன் ஏறினால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இல்லையென்றால் ரிவெர்பை எடுத்துவிட்டு ஆம்பில் இருக்கும் ரிவெர்பைப் பயன்படுத்துங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் பை 4-க்குப் போக வேண்டும். டேக்கின் ஓவர்லே வரி இரண்டுக்கும் ஒன்றே, பின் இடங்களும் ஒன்றே, எஸ்டி கார்டைக்கூட பெரும்பாலும் அப்படியே கழற்றிப் போடலாம். ஓடிஜி கேபிள் தேவைப்படாது, அடாப்டர் மட்டும் மாறும், பை 4-க்கு டைப் சி அடாப்டர் வேண்டும்.